அவதானிப்புப் படிவம்

பயிற்சிக் கற்பித்தல், மூன்றாம் கிழமை.
பாடம்: ஒளியும் முகமும். நாற்பது நிமிடம்.
திட்டத்தை மூன்று நிறப் பேனையால் எழுதியிருந்தேன்.
பின்வாங்கில் மங்களகௌரி மிஸ்,
மடியில் படிவம்,
பேனை மூடியைக் கழற்றியாயிற்று.

பதினொரு வருடம் நான்
பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டுடியோவில்
கலியாண அல்பம் செய்தவன்.
என் வேலைக்கு அங்கே ஒரே பெயர்: 'க்ளீன்'.
மூதூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று,
எங்கிருந்து வந்த மணப்பெண்ணும்
என் மேசையைத் தாண்டுகையில்
ஒரே நிறமாய்ப் போனாள்.
ஒரு முகத்துக்கு நாலு நிமிடம்.
கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன்.

அந்தக் கையில் இப்போது சோக்கட்டி.

"பக்கத்தில் இருப்பவரின் முகம், ஆளுக்கொரு படம்.
யன்னலோரம். ஃப்ளாஷ் வேண்டாம்."
பத்து நிமிடம் திட்டப்படிதான் ஓடியது.
பிறகு தர்ஷாயினி போனை நீட்டினாள்:
"சேர், இது நான் இல்லையே."

உண்மைதான்.
திருக்கடலூர் வெயில் இத்தனை வருடமாய்
அவள் கன்னத்தில் தீட்டியிருந்ததை
போன் கேட்காமலே துடைத்திருந்தது.
மூக்கோரத்து மறுவைக் காணோம்.
கிரிஷோத்தின் புருவத்தில் பந்து பட்ட தழும்பு,
அதையும் காணோம்.
இருக்கிறதா என்று
அவன் விரலால் தடவிப் பார்த்தான்.

நிறுத்துங்கள் என்றேன்.
எங்கே நிறுத்துவது?
அமைப்புக்குள் அமைப்பு, அதற்குள் மூன்று புள்ளி,
போனுக்குப் போன் வேறு ஒளிப்பிடம்.
ஒன்றில் எல்லாம் சிங்களம், நஸ்ரினா வாசித்தாள்.
ஒன்றில் நிறுத்த வழியே இல்லை.
முப்பத்திரண்டு தலைகள்
பேன் பார்ப்பதுபோல் குனிந்து தேடின.
மான் ஒன்று யன்னலோரம் வந்து
சோற்றுக் கடதாசி தின்று போனதை
ஒருவரும் படம் எடுக்கவில்லை.

மணி அடித்தது.
துவாரம், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ.
மூன்றும் பலகைக்கு வராமலே போயின.
வாசலில் தர்ஷாயினி
புதிய படத்தைப் பெரிதாக்கி மறுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிடித்ததா என்று நான் கேட்கவில்லை.
சின்னதாக்கினாள். போனைப் பைக்குள் வைத்தாள்.

படிவம் கைக்கு வந்தது.
நேர முகாமைத்துவம்: மேம்பட வேண்டும்.
பலகைப் பயன்பாடு: இல்லை.
மாணவர் பங்கேற்பு என்ற இடத்தில்
ஏதோ எழுதி வெட்டி,
திரும்ப எழுதி வெட்டி,
விட்டுவிட்டார் மிஸ்.
கையொப்பம் மட்டும் அடுத்த தாள்வரை அழுந்தியிருந்தது.

கின்னியா பஸ்.
ஆலங்கேணிச் சந்தியில் இறங்க வேண்டும்.
பாலத்தில் ஏறியதும் காற்று
பின்னேரச் சனத்தின் வியர்வையை மாற்றிப்போட்டது.
முன்சீற்றில் பிள்ளையோடு இருந்தவள்
ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.
"அண்ணை, நீங்கதானே எங்கட அல்பம் செய்தது?
பதினாறில. சிவப்புக் கூறை."
பெயரும் சொன்னாள், மண்டபமும் சொன்னாள்.

சிவப்புக் கூறை நினைவிருந்தது.
மாலையில் வாடிய பூ ஒன்றை
இன்னொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதும் நினைவிருந்தது.
முகத்தை
பாலம் முடியும்வரை பார்த்தேன்.
என் கைக்குத் தெரிந்த ஒன்றும் அதில் இல்லை.
அசல் கோப்புகளை வருடக் கடைசியில் அழித்துவிடுவோம்.
ஹார்ட் டிஸ்கில் இடம் காணாது.

"ஓம், நான்தான்" என்றேன்.
"நல்லா வந்தது அண்ணை.
இப்ப என்ன செய்யிறீங்க?"
"படிப்பிக்கப் படிக்கிறன்."
அவள் சிரித்தாள். மடியில் இருந்ததிடம் சொன்னாள்:
"இந்த மாமாதான் அம்மாவை வடிவாக்கினவர்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது.
என்னைப் பார்த்தது.
திரும்பவும் அம்மாவைப் பார்த்தது.